தப்பியவற்றின் பிள்ளைகள்: உடப்புக் கரையிலிருந்து இயற்கைத் தேர்வு

1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் வெளிநாட்டில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள். அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னர், 1946இல், இதே நாட்டில் மலேரியா கண்டோர் தொகை 28 இலட்சம் அளவில் இருந்தது. வீட்டுச் சுவர்களில் தெளித்த டி.டி.ரி. என்ற வெள்ளைத் தூளுக்கே அந்த வீழ்ச்சியில் பெரும்பங்கு. 1969இல் கணக்கு மறுபடியும் 5 இலட்சத்தைத் தாண்டியது. மலேரியாவைப் பரப்பும் முதன்மை நுளம்பு டி.டி.ரி.க்குச் சாகாமல் நிற்பதும் அந்த ஆண்டிலேயே இங்கு உறுதியாயிற்று.

இயற்கைத் தேர்வால் நிகழும் பரிணாமம், அதாவது இலங்கைப் பாடப்புத்தகங்கள் கூர்ப்பு என்று சொல்லும் விடயம், பேச்சில் வந்தால் நம் மாணவர்கள் உடனே கலாபகொஸ் தீவுகளுக்குப் போய்விடுகிறார்கள். அங்குள்ள குருவிகளின் அலகு நல்ல சான்றுதான். 1977இன் வரட்சியில் சிறு விதைகள் தீர்ந்துபோக, கடின விதையை உடைக்கவல்ல தடித்த அலகுக் குருவிகளே பெரும்பாலும் மிஞ்சின. அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் தடித்தது. பீற்றர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் ஒவ்வொரு குருவியையும் அளந்து இதைக் காட்டினார்கள். ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் வீதியில் பத்துளுஓயாவில் கடற்பக்கம் திரும்பினால் உடப்பு வரும். மேற்கே கடல், கிழக்கே முந்தல் களப்பு, நடுவே மணலில் ஊர். கரைவலைக்கும் கருவாட்டுக்கும் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கும் பெயர்போன தமிழ்க் கிராமம் இது. முன்னோர் இராமேஸ்வரப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது ஊரார் சொல்லும் வரலாறு. இந்தக் கரையின் தண்ணீரிலும் காய்ச்சலிலும் வலையிலும் கடலடிப் புல்லிலும் இயற்கைத் தேர்வுக்குச் சான்றுகள் நிறையக் கிடக்கின்றன. நுளம்பிலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனென்றால் அதன் கதை ஒரு மனித ஆயுளுக்குள் நடந்து முடிந்தது.

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. சிலாபத்தில் கடலோடு கலக்கும் தெதுரு ஓயா ஓட்டம் நின்று குட்டை குட்டையாயிற்று. மகா ஓயாவுக்கும் அதே கதி. ஓடும் ஆற்றில் நுளம்பின் முட்டை நிலைக்காது. வெயில் படும் தெளிந்த மணற்குட்டை அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற நுளம்புக்கு மிகவும் வாய்ப்பான இடம். அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கிய கொள்ளைநோயில் 15 இலட்சம் பேர் வரை படுத்தார்கள், 80,000 பேர் வரை இறந்தார்கள். நாட்டின் சனத்தொகை அப்போது 60 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. அந்த நினைவோடு இருந்த ஒரு நாட்டில் 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. வந்து இறங்கியபோது அதற்குக் கிடைத்த வரவேற்பைப் புரிந்துகொள்ளலாம். இரத்தம் குடித்த நுளம்பு இளைப்பாறச் சுவரில் உட்காரும். சுவரில் மருந்து இருந்தால் அங்கேயே அதன் கதை முடியும். ஒருமுறை தெளித்தால் பல மாதங்களுக்குப் போதும்.

இங்கே ஒரு தவறான கதையை விலக்கிவைக்க வேண்டியிருக்கிறது. நுளம்பு எதிர்ப்புப் பெற்றதால்தான் 1967–69 கொள்ளைநோய் வந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. பூச்சிகொல்லிகளைக் கண்டித்து ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய நூலைக் கேட்டு மருந்தை நிறுத்தியதால் வந்தது என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டும் சரியில்லை. நோய் ஒழிந்துவிட்டது என்ற நம்பிக்கையிலேயே தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது, மழையும் பொய்த்தது. நோய் திரும்பிவர அவை போதுமாயிருந்தன. எதிர்ப்பு என்பது, பழைய ஆயுதத்தை மறுபடி கையில் எடுத்தபோது வெளிப்பட்ட செய்தி. முன்போல அது வெட்டவில்லை. ஈற்றில் 1970களின் பிற்பாதியில் டி.டி.ரி. கைவிடப்பட்டு அதன் இடத்துக்கு மலத்தியோன் வந்தது.

மருந்து கேட்காமல் போனதற்குச் சனங்கள் சொல்லும் காரணம் எங்கும் ஒன்றுதான்: ‘நுளம்புக்கு மருந்து பழகிப்போச்சு.’ கேட்கும்போது சரிபோலத்தான் இருக்கும். கள்ளுப் பழகுவதுபோல, காரம் பழகுவதுபோல, நஞ்சும் பழகும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. இயற்கைத் தேர்வைப் புரிந்துகொள்வதில் பாதி வேலை இந்த எண்ணத்தை அவிழ்ப்பதுதான். டி.டி.ரி. பட்ட சாதாரண நுளம்பு எதற்கும் பழகவில்லை, அது செத்துப்போனது. செத்தது பிள்ளை பெறாது. மருந்து வருமுன்பே, ஒரு காரணமும் இல்லாமல், பிறப்பிலேயே சற்று வித்தியாசமாயிருந்த ஒருசில நுளம்புகள் மட்டும் சாகவில்லை. அடுத்த தலைமுறை அவற்றின் பிள்ளைகள்.

பழக்கமா, பிறப்பா என்பதை வாதத்தால் தீர்க்கத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஒரு எளிய பரிசோதனை போதும். கையளவு பிளாஸ்டிக் குழாய். அதன் உட்சுவரில் 4 வீத டி.டி.ரி. ஊறிய கடதாசி. இருபது இருபத்தைந்து பெண் நுளம்புகளை உள்ளே விட்டு ஒரு மணித்தியாலம் வைப்பார்கள். பிறகு மருந்தில்லாத குழாய்க்கு மாற்றி, சீனித் தண்ணீரில் நனைத்த பஞ்சைக் கொடுத்து, 24 மணித்தியாலம் கழித்து எண்ணுவார்கள். நூற்றில் 98க்கு மேல் செத்திருந்தால் மருந்து வேலை செய்கிறது. 90க்குக் குறைந்தால் எதிர்ப்பு உண்டு. இதில் கவனிக்க வேண்டியது குழாய்க்குள் போகும் நுளம்புகள் யாருடைய பிள்ளைகள் என்பதை. வெளியில் பிடித்த தாய் நுளம்புகளை ஆய்வுகூடத்தில் முட்டையிடவைத்து, குடம்பியிலிருந்து வளர்த்தெடுத்த பிள்ளைகளையும் இப்படிச் சோதிக்கிறார்கள். டி.டி.ரி.யின் வாடைகூட அவை மேல் பட்டதில்லை. இருந்தும் சாவதில்லை. பழகுவதற்கு அவற்றுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

சால்வடோர் லூரியா, மாக்ஸ் டெல்புரூக் இருவரும் 1943இல் பற்றீரியாக்களை வைத்து இதையே இன்னும் கண்டிப்பாக நிறுவியிருந்தார்கள். தம்மைத் தாக்கும் வைரசைச் சந்திக்குமுன்பே எதிர்ப்புள்ள பற்றீரியாக்கள் கூட்டத்தில் இருந்தன. பரம்பரையலகில் நேரும் விகாரம் தேவை அறிந்து வருவதில்லை. அது குருட்டாம்போக்கில் வரும். தேர்வு மட்டும் குருட்டாம்போக்கில் நடப்பதில்லை. கூர்ப்பு என்றால் எல்லாம் தற்செயல் என்று சொல்லி நகைப்பவர்கள் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

எவ்வளவு வேகம்? ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் இலட்சம் நுளம்பில் பத்துக்கு மட்டும் எதிர்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் மருந்து சாதாரண நுளம்பில் பத்துக்கு ஒன்பதைக் கொல்கிறது, எதிர்ப்புள்ளதில் பத்துக்கு ஒன்றை. பிள்ளை தாயைப் போலவே இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். முதல் தலைமுறை முடிவில் எதிர்ப்புள்ளவை ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. இரண்டாவதில் நூற்றில் ஒன்றை நெருங்கும். மூன்றாவதில் நூற்றில் 7. நான்காவதில் 40. ஐந்தாவதில் 85. முதல் மூன்று தலைமுறையில் மருந்து அருமையாக வேலை செய்வதாகவே அறிக்கை போகும். உண்மையில் எல்லா நுளம்பும் சுவரில் உட்காருவதில்லை, எல்லா வீட்டுக்கும் மருந்து அடிப்பதில்லை, ஆணும் பெண்ணும் கலப்பதில் பரம்பரையலகும் கலக்கிறது. அதனால் இலங்கையில் இதற்கு ஐந்து தலைமுறை போதவில்லை, ஏறக்குறைய இரண்டு தசாப்தம் பிடித்தது. கணக்கின் வடிவம் மட்டும் அதுவே: நெடுநாள் ஒன்றும் தெரியாது, பிறகு திடீரென்று எல்லாம் தெரியும்.

அந்தப் பிறவி வித்தியாசம் எதில் இருக்கிறது என்பதும் இன்று தெரியும். டி.டி.ரி. நுளம்பின் நரம்புக்கலத்திலுள்ள சோடியம் வாயிலைத் திறந்தபடி வைத்துவிடுகிறது. நரம்பு ஓயாமல் துடித்து நுளம்பு விழுகிறது. அந்த வாயில் ஒரு புரதம். அதன் 1014ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகப் பினைலலனின் இருந்தால் டி.டி.ரி.க்குப் பிடி கிடைப்பதில்லை. ஒரேயொரு எழுத்து மாற்றம். இன்னொரு வழி, குளுத்ததயோன் சார்ந்த நொதியம் ஒன்று கூடுதலாகச் சுரந்து டி.டி.ரி.யை நஞ்சற்ற பொருளாக மாற்றிவிடுவது. மலத்தியோனுக்கு வேறு நொதியங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கருணாரத்னவும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு புத்தளம் உட்பட ஐந்து மாவட்டங்களின் நுளம்புகளைச் சோதித்து, இப்படிப் பலவகை எதிர்ப்பு முறைகள் ஒருங்கே நிற்பதைக் காட்டியது. டி.டி.ரி. போய் முப்பது ஆண்டான பிறகும் அதற்கான எதிர்ப்பு அழிந்திருக்கவில்லை. சோதித்தவற்றுள் அனோபிலிஸ் சப்பிக்டஸ் என்ற இனமும் உண்டு. களப்போரத்து உவர்நீரிலும் வளரக்கூடிய நுளம்பு அது. முந்தல் களப்பைச் சுற்றி வாழ்பவர்களுக்கு அந்நியமான ஒன்றல்ல.

உப்பு என்றதும் யாழ்ப்பாணத்தில் நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்பது சுகாதாரத் துண்டுப்பிரசுரங்களின் நிலையான பாடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சுரேந்திரனும் ரஞ்சன் ராமசாமியும் சகாக்களும் கரையோரத்துக் கைவிட்ட வள்ளங்களிலும் பாழ்கிணறுகளிலும் எறிந்த பிளாஸ்டிக் கோப்பைகளிலும் தேங்கிய உவர்நீரில் ஈடிஸ் குடம்பிகளைக் கண்டு 2011இல் எழுதினார்கள். கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய பாதி வரை செறிந்த நீரிலும் அவை இருந்தன. நன்னீர்ப் பக்கத்து ஈடிசையும் உவர்நீர்ப் பக்கத்து ஈடிசையும் ஒப்பிட்டபோது பின்னையது உப்பைக் கூடுதலாகத் தாங்கியது. அதன் குடம்பியின் புறத்தோல் தடித்திருந்ததையும், புறத்தோல் புரதங்களுக்கான பரம்பரையலகுகள் வேறுவிதமாக இயங்குவதையும் பின்னர் கண்டார்கள். தடித்த தோலுக்கு ஒரு பக்க விளைவும் உண்டு: கிணற்றில் இடும் ரெமிபொஸ் குடம்பிகொல்லியையும் அது கூடுதலாகத் தாங்குகிறது. நல்ல தண்ணீரை மட்டும் தேடித்தேடிச் சுத்தம் செய்ததே உவர்நீர்க்காரரை வளரவிட்டதா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

மருந்தை எடுத்துவிட்டால் தேர்வு திரும்புமா? மலேரியாக் கிருமியே பதில் சொல்லியிருக்கிறது. குளோரோகுயின் என்ற மலேரியா மருந்துக்கு அடங்காத பல்சிபாரம் கிருமி இலங்கையில் முதலில் அறியப்பட்டது 1984இல். ஆபிரிக்காவின் மலாவி நாடு 1993இல் குளோரோகுயினை அடியோடு நிறுத்தியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே எதிர்ப்புக் கிருமி ஏறக்குறைய மறைந்து, மருந்துக்கு அடங்கும் கிருமி திரும்பிவந்தது. எதிர்ப்புக்கு ஒரு விலை இருக்கிறது. மருந்து இருக்கும்வரை அந்த விலை கட்டும், இல்லாதபோது கட்டாது. எதிர்ப்புள்ள கிருமி ‘முன்னேறிய’ கிருமி என்றால் ஏன் பின்வாங்க வேண்டும்? கூர்ப்பை ஏணிப்படியாகக் கற்பனை செய்கிறவர்கள் மலாவியை யோசிக்க வேண்டும்.

இயற்கைத் தேர்வை டார்வினைச் சாராமல் தனியாகக் கண்டறிந்த அல்பிரட் றசல் வொலஸுக்கு அது தோன்றியது 1858 பெப்ரவரியில், மலுக்குத் தீவுகளில், விட்டுவிட்டு வரும் குளிர்காய்ச்சலில் போர்த்திப் படுத்திருந்தபோது. மலேரியா என்றே பலரும் கருதுகிறார்கள். பொருளியலாளர் மல்தூசின் சனத்தொகைக் கணக்கு நினைவுக்கு வந்தது. இத்தனை பிறந்தும் இத்தனை சாகின்றனவே, எவை தப்புகின்றன என்ற கேள்வி எழுந்தது. அவர் எழுதி அனுப்பிய கட்டுரையும் டார்வினின் குறிப்புகளும் 1858 யூலை 1இல் இலண்டன் லின்னியன் சங்கத்தில் சேர்த்து வாசிக்கப்பட்டன. தன்னைப் படுக்கையில் வீழ்த்திய காய்ச்சலே மனித இரத்தத்தில் தேர்வை நடத்திவந்திருக்கிறது என்று வொலஸுக்குத் தெரிய வழியில்லை.

அதை ஊகித்தவர் உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன், 1949இல். தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோய் ஏன் மலேரியா நாடுகளிலேயே மிகுந்து காணப்படுகிறது என்ற கேள்விக்கு அவர் சொன்ன விடை இது: அந்தப் பரம்பரையலகின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவரின் செங்குழியத்தில் மலேரியாக் கிருமிக்கு வசதி குறைவு. 1954இல் அந்தனி அலிசன் கிழக்கு ஆபிரிக்காவில் அரிவாட்கல ஈமோகுளோபினுக்கு இதே உறவைக் காட்டினார். இதற்கிடையில், 1952இல், நீலகிரி மலைவாழ் மக்களிடமும் அரிவாட்கலம் இருப்பது வெளியாயிற்று. இந்தியாவிலும் அரபுப் பகுதியிலும் காணும் வகை ஆபிரிக்க வகைகளிலிருந்து வேறான பின்னணி கொண்டது. மலேரியா அழுத்திய இடங்களில் ஒரே விடை ஒன்றுக்கு மேற்பட்ட முறை மேலே வந்திருக்கிறது என்பதற்குப் பலர் இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஹால்டேனே 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து 1964இல் புவனேஸ்வரத்தில் இறந்தார். இலங்கையில் தலசீமியாப் பரம்பரையலகைச் சுமப்போர் நூற்றில் இருவர் அளவில் இருக்கிறார்கள். நாட்டின் பெரிய தலசீமியாச் சிகிச்சை நிலையம் குருநாகலில் இருக்கிறது, 1934–35 கொள்ளைநோய் மிக மோசமாக அடித்த அதே மாவட்டத்தில். அப்படி அமைந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஒரு பிரதி காப்பாற்றுகிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று வந்து சேர்ந்த குழந்தைக்கோ வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வேண்டும். இரக்கமுள்ள ஒருவர் திட்டமிட்டிருந்தால் இப்படி ஒரு பாதுகாப்பைச் செய்திருக்கமாட்டார். தேர்வு கூட்டத்தின் கணக்கைத்தான் பார்க்கிறது, குழந்தையை அல்ல.

இனி வலை. உடப்பில் ஐப்பசி, கார்த்திகையில் கடல் அடங்கத் தொடங்க, கரைவலைக் காலமும் தொடங்கும். வள்ளத்தில் கொண்டுபோய் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் நின்று அம்பா பாடி இழுப்பார்கள். கடைசியில் மடி கரையேறும். மடியின் கண் நெருக்கமானது. நெத்தலி, சூடை, காரல், பாரைக் குஞ்சு என்று சிறிது பெரிது பாராமல் அள்ளிவரும். செவுளில் மாட்டும் வலை அப்படியல்ல: கண்ணுக்குச் சிறியது நுழைந்து போய்விடும், சரியான பருமனுள்ளது மாட்டும். மீனைப் பொறுத்தவரை வலைக்கண் ஒரு தேர்வுக் கருவி. உயிரியலாளர் இதை உவமையாகச் சொல்லவில்லை, நேராகவே சொல்கிறார்கள்.

டேவிட் கொனோவர், ஸ்டீபன் மன்ச் என்ற அமெரிக்கர் இருவர் அத்திலாந்திக் கரையின் சிறு வெள்ளிமீன் ஒன்றைத் தொட்டிகளில் வளர்த்தார்கள். சில தொட்டிகளில் ஒவ்வொரு தலைமுறையிலும் பெரிய மீன்களாகப் பார்த்து 90 வீதத்தை எடுத்துவிட்டார்கள். சிலவற்றில் சிறியனவாகப் பார்த்து 90 வீதத்தை. மிகுதியில் பாராமல் எடுத்தார்கள். நான்கே தலைமுறை. 2002இல் வந்த முடிவில், சிறியதைப் பிடித்த தொட்டி மீனின் நிறை பெரியதைப் பிடித்த தொட்டி மீனின் நிறையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிறியதை விடு, பெரியதைப் பிடி என்று உலகெங்கும் மீன்பிடிச் சட்டம் சொல்லும் அறிவுரை, நீண்ட காலத்தில் மெல்ல வளரும் மீனையே வளர்த்தெடுக்கும் என்று ஆகிறது. பிடிப்பதை நிறுத்தியபோது மீன் பழைய அளவுக்குத் திரும்ப எடுக்கும் காலம், குறைய எடுத்த காலத்தைவிட நெடியது. கடலில் இதைத் தனித்துப் பிரிப்பது கடினம், சூடும் உணவும் சேர்ந்து குழப்பும். இருந்தும் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரையில் கொட் மீன் வளம் 1992இல் சரியுமுன்பே அந்த மீன்கள் ஆண்டுக்கு ஆண்டு இளவயதிலும் சிறிய அளவிலும் முதிர்ச்சியடைந்து வந்ததைப் பழைய பதிவுகளிலிருந்து எடுத்துக்காட்டினார்கள்.

இவ்வளவும் ஒப்புக்கொள்கிற வாசகர்கூட ஒரு கேள்வியோடு நிற்பார்: நுளம்பு நுளம்பாகவும் மீன் மீனாகவும்தானே இருக்கின்றன? நியாயமான கேள்வி. முதலில், ‘நுளம்பு’ என்று நாம் சொல்வது ஒன்றல்ல. அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற பெயருக்குள் ஐந்து இனங்கள் இருக்கின்றன. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. நிறமூர்த்தங்களைப் பார்த்தே பிரிக்க வேண்டும். அவற்றில் இரண்டு இலங்கையில் உண்டு. ஒன்று மலேரியாவைச் சரியாகப் பரப்பாது. மற்றது கைதேர்ந்த காவி. கிளை பிரிந்து நெடுநாள் ஆகாத இனங்கள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கூர்ப்புக் கொள்கை எதிர்பார்க்கிறது.

பெரிய மாற்றத்துக்கு உடப்பிலிருந்து வடக்கே பார்க்க வேண்டும். கற்பிட்டி, புத்தளம் களப்பு, அதற்கப்பால் மன்னார் வளைகுடா எங்கும் கடலடிப் புல்வெளி. அங்கே மேயும் கடற்பசுவை, தமிழ்நாட்டுக் கரையில் ஆவுளியா என்பார்கள், இப்போது காண்பதே அரிது. பிடிப்பது சட்டவிரோதம். மீன்போலத் தோற்றம், தட்டையான வால். ஆனால் மூச்சுக்கு மேலே வரும், குட்டிக்குப் பால் கொடுக்கும். அதன் முன்துடுப்பைத் தோலுரித்தால் தோள், முழங்கை, மணிக்கட்டு, ஐந்து விரல் என்று நம் கையிலுள்ள எலும்புகளே வரிசையாக இருக்கும். நீந்துவதற்கு முழங்கை எதற்கு? பின்னங்காலே இல்லை, ஆனாலும் தசைக்குள் புதைந்து, எந்தக் காலையும் தாங்காத இரண்டு சிறு இடுப்பெலும்புகள் கிடக்கின்றன. முலை இரண்டும் முன்துடுப்பின் கக்கத்தில். யானையைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அதற்கும் முன்னங்கால்களுக்கு இடையேதான். பரம்பரையலகுகளை ஒப்பிட்டபோது கடற்பசுவின் கிட்டிய உறவு திமிங்கிலமும் அல்ல, கடல்நாயும் அல்ல, யானை என்று வந்தது. எலும்பைப் பார்த்தவர்கள் அதற்கு முன்பே அதைச் சொல்லியிருந்தார்கள்.

கடற்பசு நிலத்திலிருந்து வந்ததென்றால் காலுள்ள கடற்பசு ஒன்று பாறையில் கிடைக்க வேண்டும். 2001இல் டேரில் டொம்னிங் ஜமேக்காவிலிருந்து அதை விவரித்தார்: பெசோசைரன், ஏறக்குறைய 5 கோடி ஆண்டு பழையது, நான்கு கால், நிலத்தில் நடக்க உறுதியான இடுப்பு, ஆனால் கடற்பசுவுக்கே உரிய தடித்த கனத்த விலா. இன்னும் பிந்திய கடற்பசுக்களின் எலும்புகள் குஜராத்தின் கச்சில் கிடைத்திருக்கின்றன. புத்தளத்துக்கு வடக்கே அருவக்காட்டின் சுண்ணக்கல்லும் மயோசீன் காலக் கடலடிப் படிவுதான். கொழும்பு நூதனசாலைப் பணிப்பாளராயிருந்த பி. இ. பி. தெரணியகல அந்தக் காலத்துச் சுவடுகளைத் தேடித் திரிந்தவர். சீமெந்துக்காகக் கல் உடைத்த இடமே பழைய கடலின் ஆவணக் கிடங்காகவும் அமைந்துவிட்டது.

கற்பிட்டிக்கு அப்பால் உல்லாசப் பயணிகளுக்குக் காட்டும் திமிங்கிலங்களின் கதை இன்னும் நமக்குக் கிட்டியது. காஷ்மீரில் ஏ. ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் சேகரித்த பாறைகளில், சுமார் 4 கோடி 80 இலட்சம் ஆண்டு பழைய, பூனையளவு மான்போன்ற விலங்கொன்றின் எலும்புகள் இருந்தன. 1971இல் பற்களைக் கொண்டு அதற்கு இந்தோஹையஸ் என்று பெயரிட்டவரும் அவரே. அவர் காலமான பின் உடைக்கப்படாத பாறைகள் அவர் மனைவியின் மூலம் அமெரிக்காவில் ஹான்ஸ் தெவிசனிடம் போய்ச் சேர்ந்தன. பாறையைச் சுத்தம் செய்தவர் கைதவறி ஒரு மண்டையோட்டின் காதெலும்பை உடைத்துவிட்டார். உடைந்த இடத்தில் தெரிந்தது ஒருபக்கம் தடித்த சுவர், திமிங்கிலக் குடும்பத்துக்கே அடையாளமான அமைப்பு. 2007இல் வெளிவந்த அந்த ஆய்வு, குளம்புக்கால் விலங்கொன்றுக்கும் திமிங்கிலத்துக்கும் இடையிலிருந்த இடைவெளியைச் சுருக்கியது. நுளம்பின் 1014ஆம் இடத்து மாற்றத்துக்கும் திமிங்கிலத்தின் காதுக்கும் இடையே வேலைமுறையில் வேறுபாடு இல்லை. கிடைத்த காலத்தில்தான் இருக்கிறது.

2012 ஒக்டோபருக்குப் பிறகு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் இலங்கையில் உள்ளூரில் தொற்றிய மலேரியா பதிவாகவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதென அறிவித்தது. அதே ஆண்டு டிசெம்பரில் மன்னாரில், இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்ரெபன்சி என்ற நுளம்பு இலங்கையில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஆற்றுக் குட்டை அதற்குத் தேவையில்லை. கிணறும் தண்ணீர்த் தொட்டியும் போதும். பின்னர் அது யாழ்ப்பாணத்திலும் தென்பட்டது. வழமையான பூச்சிகொல்லிகள் பலவற்றுக்கு எதிர்ப்போடு வாழும் இனம் அது. பிடிபட்ட இடங்களில் சுகாதாரத் துறையினர் கிணறுகளில் ரெமிபொஸ் இட்டார்கள், குடம்பி தின்னும் மீன்களை விட்டார்கள். ரெமிபொசுக்கு என்ன நேரக்கூடும் என்பதை யாழ்ப்பாணத்து உவர்நீர் ஈடிஸ் காட்டிவிட்டது. மீன் இன்னும் நம்பகமானது. ஆனால் தண்ணீரில் எதிரி இருக்கும் வாடையை உணர்ந்து முட்டையிடாமல் வேறு தண்ணீர் தேடிப் போகும் நுளம்பினங்கள் உலகில் ஏற்கெனவே இருக்கின்றன.